நெருப்பை எழுப்பிய தண்ணி

என் கணவர் குடியை விட்டதற்கு ஊர் முழுக்க முனியப்பனுக்குத்தான் பேர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் கடைப் பக்கம் போகவில்லை என்பது உண்மைதான். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிற பெண்கள் தங்கள் புருஷனையும் அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். கூட்டிப் போங்க, சக்தி உள்ள சாமி என்பேன். கயிறு கட்டிய மறுநாளே சேலத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கி வந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. சாமிக்குக் கட்டுப்பட்டவன் என்றால் ஊரில் மரியாதை உண்டு. மாத்திரைக்குக் கட்டுப்பட்டவன் என்றால் டீக்கடையில் சிரிப்பார்கள்.

தினமும் காலையில் டீக்கு முன்னால் அந்த மாத்திரையை நான்தான் அவர் கையில் கொடுப்பேன். அவரும் என் எதிரில் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் எந்த வழியில் உள்ளே போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் என்று அவர் சொன்னபோது என் கணவர் பவ்வியமாகத் தலையாட்டினார். பயந்தது நான்தான்.

அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் அதன் பிறகு விடவே இல்லை. இருமல் மருந்து வாங்கினால் பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். கைக்குத் தேய்க்கும் சானிடைசரை வீட்டுக்குள் விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேதக்காரர்கள், தங்கமான மனுஷர்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கொடுத்த கேக்கில் ஒயின் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வாங்கி வைத்து நன்றி சொல்லிவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போய் எருக்குழியில் போட்டேன். கல்யாண வீட்டில் ரசம் கொஞ்சம் புளிப்பாக இருந்தால்கூட அவர் டம்ளரை வாங்கி மோந்து பார்ப்பேன். "போலீஸ்காரியக் கட்டிக்கிட்டன்" என்று அவர் சொல்லுவார். சொல்லட்டும்.

இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்த எனக்கு, ஆபத்து என் கூடப் பிறந்தவன் கையில், தெர்மாகோல் பெட்டியில் வந்தது.

என் தம்பி பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரன். பிரேசில் நாட்டுப் பாணியில் கறியைக் கம்பியில் குத்திச் சுட்டுப் பரிமாறுகிற ஓட்டல் அது. முதலில் அவன் பிரேசில் என்று சொன்னபோது பந்து விளையாடுகிறவர்களுக்குச் சமைக்கிறானோ என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். இந்தத் தடவை, தானே எங்களுக்குச் சமைத்துப் போடுவதாக போனில் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மிடியில் ரயிலிறங்கி, பெட்டியோடு ஆட்டோ பிடித்து வந்தான். பெட்டிக்குள் ஐஸ் போட்டு, முதுகைப் பிளந்து விரித்த இரண்டு முழுக் கோழி. கூடவே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்று. அதற்குள் மங்கலாக ஏதோ இருந்தது.

அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை. எனக்கு விரதம். நாள் கிழமை பார்க்காமல் வந்து நிற்கிறானே என்று கோபம் வந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவனைத் திட்ட மனசு வரவில்லை. கறி வீட்டுக்குள் வரக்கூடாது, களத்தில் வைத்துச் சுட்டு களத்திலேயே தின்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்தில் எந்தச் சாப்பாடும் பிள்ளைகள் தட்டுக்குப் போவதற்கு முன்னால் என் வாய்க்கு வந்துதான் போகும். அன்றைக்கு என் வீட்டில் மட்டும் நான் ருசி பார்க்கவில்லை.

தம்பி ஹாலோபிளாக் கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரியைக் கொட்டிப் பற்ற வைத்தான். மேலே பழைய கம்பி வலை. கோழியை எடுத்து விரித்தபோது பூண்டு வாசம் வீதி வரைக்கும் போனது. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வாசற்படியில் நின்றே கேட்டேன்.

"என்னடா போட்டு ஊற வெச்ச?"

"எலுமிச்சம்பழம், பூண்டு, மொளகாத்தூளு, உப்பு, எண்ணெ. கொஞ்சம் தண்ணி. அவ்ளோதாங்க்கா."

"தண்ணி ஊத்துனா கறி வெந்துருமேடா. சுட்ட மாரியா இருக்கும்?"

அவன் சிரித்தான். "அந்தத் தண்ணிலதாங்க்கா ருசியே இருக்குது. அங்க கரும்புத் தண்ணில ஊற வெப்பாங்க. இங்க அது கெடைக்கல, வேற போட்டிருக்கன்."

கரும்புத் தண்ணி என்றால் கரும்புப் பால் என்று நினைத்துக்கொண்டேன். பாலக்கோட்டுப் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற மாவட்டத்தில் பிறந்தவள் வேறென்ன நினைப்பாள்? அவன் என்ன தண்ணியைச் சொன்னான் என்று எனக்கு உறைக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. தண்ணி போட்டுட்டு வந்துட்டாரா, தண்ணி உள்ள போயிருச்சா, தண்ணியில மிதக்கிறாரா என்று எத்தனை வருஷம் இந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இரண்டு வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சு இல்லாமல் போனதில், தண்ணி என்றால் எனக்கு மறுபடியும் குழாயில் வருகிறதாக மட்டும் ஆகிவிட்டது.

தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. மாமா குடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். மாத்திரை விஷயம் தெரியாது. தீயில் போட்டால் போதை எல்லாம் ஆவியாகிவிடும், மணம் மட்டும்தான் நிற்கும் என்று அவனுக்கு ஓட்டலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடமும் சொல்லிவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். கறி வெந்துவிடும் என்று நான் சொன்னதை, அக்கா கிண்டல் பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

நான் உள்ளே போய் சாமிக்குக் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் களம் தெரிந்தது. என் கணவர் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். பிரேசிலில் மரவள்ளி மாவை வறுத்துக் கறி மேல் தூவித் தின்பார்கள் என்று தம்பி சொன்னதில் அவருக்கு ஒரே சந்தோஷம். மரவள்ளி போட்டு விலை கிடைக்காமல் கைசுட்டுக்கொண்டவர் அவர்.

"அப்ப நம்ம கெழங்க அங்க அனுப்பி வெச்சிரலாமா மாப்ள?"

"அங்கயே காடு காடா வெளையுது மாமா."

"அது சரி. அங்கயும் வெல இல்லன்னு சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது தம்பி அந்த பாட்டிலை எடுத்து, கறி மேல் தெளித்தான். நெருப்பு குப்பென்று எழுந்தது. அவன் முடியெல்லாம் பொசுங்கியிருக்கும் போல, பின்னால் குதித்தான். எனக்கு ஒரு நொடி என்னவோ போலிருந்தது. தண்ணி தெளித்தால் நெருப்பு அடங்கத்தானே வேண்டும்? கோழிக் கொழுப்பு சொட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு முந்திரியை வறுக்கப் போனேன்.

கடைசியாக இறக்குவதற்கு முன்னால் இன்னொரு தடவை தெளித்தான். இறக்கி வாழை இலையில் வைத்த பிறகும் மேலே கொஞ்சம் ஊற்றினான். எல்லாம் ஜன்னலில் தெரிந்ததுதான்.

குடியை விட்ட பிறகு என் கணவருக்குச் சாப்பாட்டில் ருசியே போய்விட்டிருந்தது. எதை வைத்தாலும் ஒரே மாதிரி தின்பார். உப்பு இருக்கா என்று கேட்டால் இருக்கும் என்பார். அந்த மனுஷன் அன்றைக்கு எலும்பை உறிஞ்சித் தின்றார். விரல்களை நக்கினார். "இன்னொரு துண்டு வெய்யி மாப்ள" என்று கேட்டு வாங்கினார். வாசற்படியில் நின்று பார்த்த எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கண் கூடக் கலங்கியது. மறுபடி மனுஷனாகிவிட்டார் என்று முருகனுக்குக் கும்பிடு போட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். இலையை எடுக்கலாம் என்று போனபோதுதான் பார்த்தேன். கறுத்த முகம் செம்புப் பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது. கழுத்து, காது எல்லாம் சிவப்பு. கண்ணில் ரத்தம் கட்டியது போல இருந்தது.

"என்னங்க பண்ணுது?"

"தல தெறிக்குது. நெஞ்சு பட்டுபட்டுன்னு அடிச்சிகினே இருக்குது."

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். எங்கேயோ ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறார், மரவள்ளிக் காட்டில் புதைத்து வைத்திருப்பார், இரண்டு வருஷமும் நடிப்பு என்று என்னென்னவோ ஓடியது.

"ஊதுங்க" என்றேன்.

ஊதினார். பூண்டு வாசத்துக்கு அடியில் அது இருந்தது. எனக்குத் தெரியாத வாசமா?

"எங்க வாங்குனீங்க? யார் குடுத்தது?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார். அதற்குள் எழுந்து ஓரமாக ஓடி வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடி வந்து தாங்கினான். "கோழி சரியா வேகலியாக்கா? நல்லாத்தான் வெந்துச்சு" என்று அவன் பதறினான். அவன் கையில் இன்னும் அந்த பாட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் குப்பென்று எழுந்த அந்த நெருப்பு என் கண்ணுக்குள் மறுபடி எழுந்தது. பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திறந்து மோந்தேன்.

"என்னடா இது?"

"தண்ணிதாங்க்கா. சொன்னனே."

"என்ன தண்ணி?"

"ரம்மு."

அவனை அறைந்திருப்பேன், கை எழவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தப்பாமல் நடந்துகொண்டிருந்தது. சிவந்தாயிற்று, படபடத்தாயிற்று, வாந்தி எடுத்தாயிற்று. அடுத்து என்ன என்பது எனக்குத் தெரியும். அதைத் தம்பியிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டில் கார் இருந்தது. நான் கேக்கை எருக்குழியில் போட்ட அதே வீட்டுக்காரர் செருப்பு கூடப் போடாமல் வந்து வண்டியை எடுத்தார். பின் சீட்டில் என் மடியில் அவர் தலை. கை சில்லிட்டிருந்தது. முகம் சிவப்பு போய் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அந்த நிலைமையிலும் என் புடவையைப் பிடித்து இழுத்து, "இங்க வேணாம். அரூர் போயிரலாம்" என்றார்.

ஏன் என்று எனக்குப் புரிந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் வீதிதான். அங்கே போய் மாத்திரையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் முனியப்பன் கோயில் வரைக்கும் தெரிந்துவிடும். அரூர் போகிற தூரம் இந்த நெஞ்சு தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. "உங்க மானம் மருவாத எல்லாம் இருக்கட்டும், மொதல்ல மூச்சு இருக்கட்டும்" என்று சத்தம் போட்டுவிட்டு, உள்ளூருக்கே விடச் சொன்னேன்.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டார், வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று கேட்டாள். தம்பி பக்கத்தில் நின்றான். கார் ஓட்டி வந்தவர் நின்றார். எங்கள் வீதி நர்ஸ் ஊசியோடு நின்றாள். எல்லார் முன்னாலும் மாத்திரையின் பேரைச் சொன்னேன். எவ்வளவு காலமாக என்பதையும் சொன்னேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சுவரோடு சுவராகச் சாய்ந்து, "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல" என்று அழுதான்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அந்தப் பெண் கருவியின் காற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புருவம் அசைந்தால் என் உயிர் போய் வந்தது. முருகனைக் கூப்பிட்டேன், முனியப்பனைக் கூப்பிட்டேன். கார்க்காரர் ஜெபமாலை உருட்டினார், அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் தாழ்கிற நேரத்தில் பிரஷர் இறங்குவது நின்றது, பிறகு ஏறியது. "பயம் இல்லீங்க. ராத்திரி வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். மாத்திரையைச் சில நாளைக்கு நிறுத்தி வைக்கவும், சேலத்து டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்கவும் சொன்னாள்.

பயம் இல்லை என்று அவள் சொன்னதும் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பிய ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"அவன் மேல தப்பில்லீங்க. எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சு. அவன் சொன்னது வெளங்கல."

"எனக்கு வெளங்குச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு. ரம்முன்னு."

"தெரிஞ்சும் எதுக்குங்க தின்னீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லாமலே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "மாத்திர போட்டிருக்கறது ஞாபகம் இருந்துச்சு. செத்துருவன்னும் தெரியும். ஆனாலும் இன்னொரு துண்டு வெய்யின்னு வாய் கேட்டுருச்சு" என்றார்.

வாசற்படியில் நின்று மனசு நிறைந்து பார்த்தேனே, அது இதுதான். மனுஷனாகிவிட்டார் என்று நான் கும்பிட்டது இதைப் பார்த்துத்தான். இதயம் நின்றுவிடுமோ என்று காரில் பயந்ததைவிட இது பெரிய பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆஸ்பத்திரி இருந்தது. இதற்கு எங்கே போவது?

தம்பி மறுநாள் விடியற்காலையில் கிளம்பிப் போனான். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் கூடவே இருந்தேன். அதற்கு அடுத்த நாள் போகாமல் முடியாது, நான் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு அரிசி அளந்து போட ஆள் இல்லை. காலையில் டீ கொடுத்தேன். கையில் கொடுப்பதற்கு மாத்திரை இல்லை. அவரும் வெறும் கையைப் பார்த்தார்.

"வெளிய பூட்டிட்டுப் போ" என்றார்.

"என்னங்க பேசறீங்க?"

"நெஜமாத்தான் சொல்றன். மாத்திர இல்லாம எனக்கே என்ன நம்ப முடியல. வூட்ட வெளிய பூட்டிட்டு சாவிய எடுத்துகினு போயிரு. சோறு தண்ணி எல்லாம் உள்ளயே இருக்குது."

பின்பக்கக் கதவுக்குப் பூட்டு எப்போதும் உண்டு. முன்கதவுக்கு ஒரு பெரிய பூட்டைத் தேடி எடுத்தேன். கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டினேன். மனுஷனை ஆடு மாடு மாதிரி அடைத்துவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. உள்ளே நெஞ்சு வலி வந்தால் யார் திறப்பது? நெருப்புப் பிடித்தால்? இதைத் தைரியம் என்றோ நம்பிக்கை என்றோ யாரும் நினைக்க வேண்டாம். பூட்டவும் பயம், பூட்டாமல் போகவும் பயம், அவ்வளவுதான். கொண்டியை மறுபடி கழற்றினேன். சத்தம் கேட்கட்டும் என்று பூட்டைக் கதவில் ஒரு தட்டுத் தட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"பூட்டிட்டியா?" என்றார் உள்ளேயிருந்து.

"பூட்டிட்டங்க."

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியாது. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. போன் அடித்தால் உடம்பு தூக்கிப் போட்டது. கடை திறக்கிற நேரம் வந்தபோது என் கண் கடிகாரத்தை விட்டு வரவில்லை. வீட்டிலிருந்து கடை நடக்கிற தூரம்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடாத குறையாக வந்தேன். கதவு சாத்தியபடியே இருந்தது. சாத்திய கதவு ஒன்றையும் சொல்லாது. தள்ளினேன்.

கூடத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு முறம் நிறைய உரித்த பருப்பு. சட்டை காலையில் போட்டிருந்ததுதான். ஊதச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. அவரே தலையை நிமிர்த்தினார்.

"நீ பூட்டல."

"ஆமாங்க."

"உன் பஸ் போன சத்தம் கேட்டதும் எந்திரிச்சுப் போயி இழுத்துப் பாத்தன். தொறந்துகிச்சு." கையிலிருந்த காயை உடைத்தார். "மறுபடி சாத்திட்டு வந்து உக்காந்தன். நாளைக்கி நெஜமாவே பூட்டிட்டுப் போ."